காஸ் சிலிண்டருக்கும் சேர்த்து ஜெபித்தார்கள்

திங்கள்நகர்,
24.7.2014, வியாழன்.

அன்பு மகள் சஜிதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகம். லூதியானா வெயிலிலும் வார்டு வேலையிலும் நீ வாடிப்போகாமல், மூச்சுத் திணறல் எதுவும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இந்தக் கடிதம் மூன்று வாரம் பிந்தித்தான் வருகிறது. நீ ஃபோனில் ஏற்றித் தந்த அந்த லிஸ்ட் ஆப்பில் ‘சஜிக்குக் கடிதம்’ என்று போட்டு வைத்து, அது தேதி கடந்து சிவப்பாகி, தினமும் காலையில் என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. தினமும்தான் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். பேசினேன்தான் மக்கா, ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் மூடி வைத்துக்கொண்டு பேசினேன், அப்பாவையும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டிப் போட்டிருந்தேன். எனக்கு ஒரு வேலை விஷயம். ஆமாம், எனக்குத்தான். நடக்காமல் போனால் அங்கேயிருந்து நீ எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வருமே என்று பயந்தேன். இனி சொல்லலாம். ஃபோனில் சொன்னால் நீ சிரித்துச் சிரித்தே முக்கால்வாசியைக் கேட்க மாட்டாய், அதனால் வரிசையாக எழுதுகிறேன், நீயும் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாக வாசி.

மே மாதம் நீ வந்திருந்தபோது என்னுடைய தினசரி காலண்டர் தாள்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி பிரிட்ஜின் மேலும், பைபிளுக்குள்ளும், அரிசிப் பானை மூடியின் அடியிலும் நான் செருகி வைத்திருந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து, இது வீட்டு வேலையா குப்பையா என்று கேட்டு, அன்றைக்கே என் ஃபோனில் ஆப்பை ஏற்றி, தமிழ் எழுத்தையும் போட்டுத் தந்தாய். நீ ரயில் ஏறிய அன்றே உட்கார்ந்து ஒரே மூச்சில் அறுபத்தொரு வேலைகளை எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல இருந்தது, இத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொண்டா நான் நடமாடினேன் என்று. எல்லாவற்றுக்கும் அவசரம் என்று சிவப்புக் கொடி போட்டேன். தோசைக்கு உளுந்து ஊறப் போடுவதற்குச் சிவப்பு, கிணற்று மோட்டார் ரிப்பேருக்குச் சிவப்பு, உன் இன்ஹேலர் தேதியைக் கேட்பதற்குச் சிவப்பு, பக்கத்து வீட்டுக் கோழி நம் மல்லிச்செடியைக் கிளறுவதைப் பற்றிப் பேசுவதற்கும் சிவப்பு. அதை உன்னிடம் பெருமையாகச் சொன்னபோது நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “எம்மா, வார்டுல எல்லாருக்கும் சிவப்புச் சீட்டு கட்டி வச்சா நான் யாருக்கிட்ட ஓடுவேன்? ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளு, இத இன்னைக்குச் செய்யலேன்னா யாருக்கு மோசமாவும்?” என்றாய். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்றில் சிவப்புக்குத் தகுதியானது நான்குதான் வந்தது. கோழிக்காரியிடம் நான் பேசாமலே விட்டதில் யாருக்கும் மோசம் வரவில்லை, கோழியும் நானும் இப்போது சிநேகம். ஒன்று முடிந்ததும் தொட்டால் ஒரு மணிச் சத்தத்தோடு அது மறைகிறதே, அதற்காகவே முடித்த வேலைகளைக்கூட எழுதி உடனே தொட்டுவிடுவேன், இதை அப்பாவிடம் சொல்லாதே.

நீ அதில் ஐந்து தலைப்பு போட்டுத் தந்தாய், வீடு, சபை, அப்பா, சஜி, ஐந்தாவதாக ‘எனக்கு’. கடைசித் தலைப்பில் என்ன எழுத வேண்டும் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் அது பூஜ்யம் காட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் ‘எனக்கு: புதுச் செருப்பு’ என்று போட்டேன், பிறகு அதையும் எடுத்து ‘வீடு’ தலைப்பில் மாற்றிவிட்டேன். அப்படியிருக்கும்போதுதான் ஜூன் நான்காம் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். சபைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மெட்ரிக் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்க ஆசிரியை தேவை, பி.எஸ்ஸி. பி.எட்., விண்ணப்பிக்க ஜூலை பதினான்கு கடைசி. இருந்தவருக்கு அரசாங்க வேலை கிடைத்துப் போய்விட்டாராம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ‘எனக்கு’ தலைப்பின் கீழ் எழுதினேன். அப்பா பேரை ‘அபேல்’ என்று தப்பாக அடித்து, அதைத் திருத்தி, ‘ஆபேலிடம் சொல்ல வேண்டும். பள்ளி விண்ணப்பம். பதினான்கு கடைசி. பயமாக இருக்கிறது’ என்று போட்டேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை, காலண்டர் தாளில் எழுதிய பழக்கம். போட்டபின் தினமும் காலையில் அது முன்னால் வந்து நிற்கும், நானும் தினமும் நாளைக்கு என்று தள்ளிவிடுவேன். காற்று சீசன் தொடங்கிவிட்டதால் அப்பா ஆரல்வாய்மொழிக் காற்றாலையிலேயே தங்கி, சனிக்கிழமை மட்டும் வந்துபோகிற நேரம். வந்தால் உடுப்பெல்லாம் கிரீஸும் புழுதியுமாக, சாப்பிடும்போதே கண் சொக்குகிற மனுஷனிடம் இதை எப்படி எடுப்பது என்று ஒரு சனிக்கிழமையை விட்டேன். ஃபோனில் சொல்லலாம் என்றால் காற்றாடிச் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்கும் என்று அதையும் விட்டேன்.

இனிமேல்தான் கேள். ஜூலை நான்காம் தேதி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், இந்த முறை நம் வீட்டில். ஜெபக் குறிப்பு வாசிப்பது இந்த வருஷம் என் பொறுப்பு. யாருக்கு என்ன கஷ்டமோ அதை முன்னாலேயே என்னிடம் சொல்லிவிடுவார்கள், நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ‘கேட்டருளும் கர்த்தாவே’ என்பார்கள். வழக்கமாக நோட்டில் எழுதுவேன். புதுப் பைத்தியமாயிற்றே, இந்த முறை ஃபோனிலே ‘சபை’ தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் அன்றைய தேதி போட்டு எழுதி வைத்தேன். கூட்டத்தில் ஃபோனைத் திறக்கும்போது ‘சபை’யைத் தொடாமல் ‘இன்று’ என்பதைத் தொட்டுவிட்டேன். ‘இன்று’ என்றால் ஐந்து தலைப்பிலும் இன்றைக்கு உள்ளதெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் என்று நீ சொல்லித்தான் இருந்தாய், அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம். சங்கச் செயலாளர் சத்தியபாய் அக்காவின் முழங்கால் வலி என்று வாசித்தேன், கேட்டருளும் கர்த்தாவே. ராஜையன் வாத்தியாரின் மகனுக்கு விசா, கேட்டருளும் கர்த்தாவே. காஸ் சிலிண்டர் புக் பண்ண என்று வாசித்தேன், கேட்டருளும் கர்த்தாவே. எனக்குச் சுருக்கென்று ஏதோ தைத்தது, ஆனால் நாக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஜெபத் தொனியிலேயே, நல்ல தெளிவாக, ஆபேலிடம் சொல்ல வேண்டும், பள்ளி விண்ணப்பம், பதினான்கு கடைசி, பயமாக இருக்கிறது என்று வாசித்துவிட்டேன் மக்கா. பதினெட்டுப் பெண்கள் ஒரே குரலில் கேட்டருளும் கர்த்தாவே என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது.

முதலில் பின்னாலிருந்து யாரோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள், பிறகு வீடே சிரித்தது. சத்தியபாய் அக்கா விடுவார்களா. “ஏட்டி லீலா, காஸுக்காரன் வராததுக்கும் கர்த்தருதான் பொறுப்பா?” என்று ஆரம்பித்தார்கள். பிறகு, “ஆபேலுக்கிட்ட சொல்லதுக்கு முந்தி ஆண்டவருக்கிட்ட சொல்லியாச்சு. இனி ஆபேலு என்னத்தச் சொன்னாலும் ரெண்டாவதுதான், கேட்டியா” என்றார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. காபி கொடுக்கும்போது சமையலறைக்குள் பின்னாலேயே வந்து, இந்த முறை சிரிக்காமல், விண்ணப்பத்தை எழுதிவிட்டாயா என்று கேட்டார்கள். இல்லை அக்கா என்றேன். “பின்னே நாங்க ஜெபிச்சுட்டுப் போவோம், பேப்பரு தானா எழும்பி நடந்து ஸ்கூலுக்குப் போவுமா?” என்று கேட்டுவிட்டு, முறுக்கில் உப்புக் குறைவு என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனி நாளைக்கு அப்பா வந்ததும் நானே சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பாவோடு வேலை செய்கிற ஞானதாசனின் மனைவி நம் சங்கத்தில்தான் இருக்கிறாள் என்பதை நான் யோசிக்கவில்லை. அன்று ஆறு மணிக்கே அப்பா ஃபோனில் விளித்துவிட்டார். “ஏணியில பாதி ஏறி நிக்கேன், ஞானதாசன் கீழ நின்னு சத்தம் போடுதான், மச்சான், மைனிக்கு வேலை கிட்டணும்னு நம்ம சபையே ஜெபம் பண்ணிச்சாம்ணு. எனக்கு என்ன வேலைன்னே தெரியாது. தலைய ஆட்டிட்டு மேல ஏறிட்டேன்” என்றார். கோபமில்லை, ஆனால் அந்தக் குரலில் ஒரு இறக்கம் இருந்தது, அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமை வந்ததும் சாப்பிடாமல் எதிரில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்துப் பேச வேண்டியதையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. “அண்ணைக்குப் பதினோரு நாளுல விட்டுட்டு வந்த, பெறவு மூணு மாசம் சரியாச் சாப்பிடல்ல. அதே மாதிரி இப்பவும் ஆச்சுண்ணா? எனக்கு நீ வேலைக்குப் போறது பயமில்லட்டி, நீ திரும்பி வாறதுதான் பயம்” என்றார்.

உனக்கு அந்தக் கதை முழுசாகத் தெரியாது, அதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு ஐந்து வயது, தொண்ணூற்றொன்பதில், இரணியல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். பதினோராம் நாள் ஏழாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது உனக்கு இழுப்பு வந்துவிட்டது என்று ஆள் வந்தது. போர்டில் பாதிக் கணக்கை அப்படியே விட்டு, சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே பஸ் ஏறினேன். நீ மூன்று நாளில் சரியாகி முற்றத்தில் ஓடினாய். நான்தான் திரும்பிப் போகவில்லை. யார் கேட்டாலும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன், நானும் அதையே நம்பினேன். உன் மேல் பழியைப் போட்டு வைத்திருந்திருக்கிறேன் மகளே, நீ அறியாமலே. உனக்கு இழுப்பு வந்ததால் நான் விடவில்லை. உன்னை விட்டு நான் எங்கே போனாலும் அங்கே நின்றுகொண்டு உனக்கு என்ன ஆகுமோ என்றேதான் நினைப்பேன் என்று தெரிந்துபோய், மனசு கிடந்து துடிக்கிற அந்த வெப்ராளம் தாங்காமல் விட்டேன். இதை அப்பாவிடம் முதல் தடவையாக அன்றைக்குச் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “செரி, சர்டிபிகேட்டு எங்க கெடக்கு?” என்று கேட்டார். எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாது.

அந்த ஒரு வரி வேலையை ஏன் நான் தினமும் தள்ளினேன் என்று அப்போதுதான் விளங்கியது. அது ஒரு வேலையே அல்ல, பதினாறு வேலை. சர்டிபிகேட் தேட, பி.எட். மார்க் லிஸ்ட் நகல் எடுக்க, போட்டோ எடுக்க, போட்டோவுக்கு எந்தச் சேலை என்று முடிவு செய்ய, ஏழாம் வகுப்புப் புத்தகம் யாரிடமாவது வாங்க என்று உடைத்து உடைத்து எழுதினேன். உடைத்தும் ஓடவில்லை, பதினாறும் சேர்ந்து பயமுறுத்தியது. உலைக்கு அரிசி கழுவும்போது சங்கத்துக்கென்று பிடி அரிசி எடுத்து டப்பாவில் போடுவேனே, ஒரு தடவை சமைத்தால் ஒரு பிடி, மாதக் கடைசியில் பார்த்தால் டப்பா நிறைந்திருக்கும், எடுத்த அரிசி சோற்றில் குறைந்தது தெரியவே தெரியாது. திங்கட்கிழமை அதை எடுக்கும்போது கை டப்பாவுக்குள் இருக்கையிலே யோசனை வந்தது. பிடி அரிசி போட்டதும் அந்தப் பதினாறில் ஒன்றைச் செய்யாமல் சோறு வடிக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன். காலையில் ஒன்று, இரவுச் சோற்றுக்கு ஒன்று. மறதி வராமலிருக்க ஆப்பிலும் ‘அரிசி போட்டதும்’ என்று ஒரு தலைப்புப் போட்டேன், அது நானாகவே போட்ட முதல் தலைப்பு. ஒன்றைத் தொட்டால் அடுத்ததையும் தொடாமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று, புதன்கிழமை ஒரே உலைக்கு ஐந்து வேலையை முடித்துச் சோறு குழைந்துவிட்டது. சர்டிபிகேட் பீரோவில் இல்லை, எங்கள் கல்யாண ஆல்பத்துக்குள் இருந்தது. பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை நானே நடந்து போய்ப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று ஃபோனை எடுத்து அதைத் தொட்டேன். அந்த மணிச் சத்தம் அன்றைக்குக் கேட்டதுபோல எனக்கு எப்போதும் கேட்டதில்லை.

பதினேழாம் தேதி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். ஏழாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், பின்னால் நாற்காலி போட்டுத் தலைமையாசிரியை தங்கபாய் டீச்சர். சமன்பாடு எடுத்தேன். முதல் ஐந்து நிமிஷம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வயதுக் கணக்கு ஒன்று போட்டேன், அப்பா வயது, மகன் வயது என்று புத்தகத்தில் உள்ளதுதான். முன் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், எல்லாக் கணக்குலயும் அப்பாக்க வயசுதான் கேக்காங்க, அம்மாக்க வயசு யாருக்கும் வேண்டாமா?” என்று கேட்டது. எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. சரி, அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து அறுபத்திரண்டு வயது, அம்மா இருபத்திரண்டு வருஷம் மூத்தவள், கண்டுபிடி என்றேன். போர்டுக்கு வந்து போட்டுவிட்டு, “அம்மாக்கு நாப்பத்திரெண்டு, மவளுக்கு இருவது. டீச்சர், இது நீங்கதான?” என்று கேட்டது. வகுப்பே சிரித்தது, தங்கபாய் டீச்சரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் என் பையிலிருந்து ஆப் மணியடித்தது, ஃபோன் வெளிச்சத்தில் ‘மாவு அரைக்க’ என்று பெரிசாக எழுதியிருந்ததை அந்தப் பிள்ளைதான் எட்டிப் பார்த்து எல்லாருக்கும் வாசித்துச் சொன்னது. போயிற்று என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு உத்தரவைக் கையில் தந்தார்கள். வருகிற திங்கட்கிழமை சேருகிறேன் மகளே.

உத்தரவு தரும்போது தங்கபாய் டீச்சர் ஒன்று சொன்னார்கள். டீச்சர்மார் ஃபோனையெல்லாம் காலையில் அலுவலகப் பெட்டியில் வைத்துவிட வேண்டும், நான்கு மணிக்குத்தான் எடுக்கலாம், மாவு அரைப்பதெல்லாம் அதற்குப் பிறகு என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒன்பதிலிருந்து நான்கு வரை ஏழு மணி நேரம். நீ அங்கே போனதிலிருந்து ஒரு நாள்கூட என் ஃபோன் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்ததில்லை, குளிக்கும்போதுகூட ஜன்னல் திட்டில் இருக்கும். இரண்டு நாள் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். நீ சொல்லித் தந்த கேள்வியை எனக்கே கேட்டுப் பார்த்தேன், அந்த ஏழு மணி நேரம் நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு இராவிட்டால் யாருக்கு மோசமாகும் என்று. உனக்கு அல்ல. நீ நர்ஸ் படிப்பில் மூன்றாம் வருஷம், உன்னைச் சுற்றி டாக்டர்கள், உன் மருந்து உன் பையில். அப்பாவிடம் சொன்னபோது, “எனக்க ஃபோனு சட்டப் பையிலதான் கெடக்கும், மேல ஏறுனா சிக்னலு இன்னும் நல்லாட்டுக் கிட்டும், நீ பையப் பைய கணக்குச் சொல்லிக் குடு” என்றார்.

அடுத்த தெரு ஜான்ரோஸ் லீவு முடிந்து பட்டாளத்துக்கு நாளை ஹிம்சாகர் ரயிலில் ஜம்மு போகிறான், அவன் கையில் இதையும் பொட்டலத்தையும் கொடுத்துவிடுகிறேன். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் தோழிகளுக்குக் கொடுத்துச் சாப்பிடு. நெத்திலிக் கருவாட்டை மூன்று பொதி பொதிந்திருக்கிறேன், அறைக்குள் அவிழ்க்காதே, அந்த ஊர்ப் பிள்ளைகள் பயந்துவிடும். லூதியானா ஸ்டேஷனில் ரயில் அதிக நேரம் நிற்காது, ஜான்ரோஸ் முந்தின ஸ்டேஷனிலேயே உனக்கு விளிப்பான், ஓடாமல் நடந்து போ. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. நான் இல்லாத நேரம் பேச வேண்டும்போல இருந்தால் ஃபோனில் எழுதி அனுப்பு, நான்கு மணிக்கு வாசிப்பேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைபட்ட நோயாளிகள் எல்லாம் குணமாகி எழும்ப உன்னை ஆசீர்வதிப்பாராக. அப்பாவின் அன்பும் முத்தமும்.

மறக்காமல் ஒன்று செய். நீ விடுதியில் சேர்ந்த அன்று கொடுத்த ஃபாரத்தில், ஏதாவது அவசரம் என்றால் முதலில் அழைக்க வேண்டிய எண் என்று என் எண்ணைத்தான் எழுதினேன், மூன்று தடவை சரிபார்த்து, இரண்டாவது எண் எதுவும் எழுதாமல் விட்டேன். இது கைக்கு வந்த அன்றைக்கே வார்டன் அம்மாவிடம் போய், முதலில் அப்பாவின் எண்ணை எழுதிக் கொடு. என் எண் அதன் கீழே இருக்கட்டும்.

உன் அன்பு அம்மா,
ஆ. லீலாபாய், பி.எஸ்ஸி., பி.எட்.